‘லைன்’ லயமான கதை

‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் ‘கோடு’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் அச்சொல் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. கடைவாசலில் காத்து நிற்கும் மக்கள் வரிசையும் லைன். கவிதையின் அடியும் லைன். தூண்டில் நூலும் லைன். முதியவர் முகத்துச் சுருக்கமும் லைன்.

ஸ்பானிய மொழியில் இவை வெவ்வேறு சொற்களாகப் பிரிந்துவிடுகின்றன. கோடு ‘லீனெயா’. மக்கள் வரிசை ‘ஃபிலா’. ஸ்பெயின் நாட்டில் அதனையே ‘கோலா’, அதாவது வால், என்பர். கவிதையடி ‘பெர்சோ’, தூண்டில் நூல் ‘செடால்’, முகச்சுருக்கம் ‘அர்ருகா’. லைன், லீனெயா இரண்டுக்கும் மூலம் நூலைக் குறித்த ஓர் இலத்தீன் சொல்லாகும். மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலோடு ஏட்டு நூலை ஒப்பிட்ட நன்னூலார் ஈண்டு நினைவுக்கு வருகிறார்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த மக்கள் கோப்பித் தோட்டங்களிலே குடியமர்த்தப்பட்டனர். ஒரே கூரையின் கீழ் நிரையாக அமைந்த ஒற்றை அறைகளே அவர்களுக்குக் கிடைத்தன. துரைமார் அந்த நிரையை ‘லைன்’ என்றனர். நம்மவர் நாவில் அது ‘லயன்’ ஆகி, ‘லயம்’ ஆயிற்று. அறைக்குப் பெயர் ‘காம்பரா’. அது போர்த்துக்கேயர் தந்த சொல். இசையிலே லயம் என்றால் காலத்தின் ஒழுங்கு. தோட்டத்திலோ, 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பமே சமைத்து உறங்கிய இடம்!

மலையகக் கதையொன்றை ஸ்பானியத்தில் பெயர்ப்பவர் இந்த லயத்துக்கு எந்தச் சொல்லை இடுவார்? ‘லீனெயா’ என்றால் தொலைபேசித் தொடர்பு தோன்றும். ‘ஃபிலா’ என்றால் கடைவாசல் தோன்றும். ‘காசா’, அதாவது வீடு, என்று எழுதினால் துயரமே மறைந்துவிடும். சற்றுக் கிட்ட வருவது ‘பர்ராக்கோன்’. கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளைத் தங்கவைத்த நீண்ட கொட்டில் அது. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1886இல். ஆனால் நம்மவர் விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். கூலிக்கு வந்து கடனிற் கட்டுண்டவர். ஆகவே அதுவும் முற்றாகப் பொருந்தாது. ‘லயம்’ என்றே எழுதி, ஒரு வாக்கியத்தில் விளக்கம் தருவதே நேர்மை.

அகராதி ஒரு சொல்லின் பொருள்களை அடுக்கித் தரும். அவற்றுள் எதனுள்ளே மனிதர் வாழ்ந்தனர் என்பதை, அம்மக்களின் வரலாற்றைப் படித்தவரே அறிவர். பல தோட்டங்களில் லயங்கள் இன்றும் உள்ளன. அவை யாவும் வீடுகளாக மாறும் நாள் வரட்டும். அன்றும் அச்சொல் நம் இலக்கியத்தில் சாட்சியாக நிற்கட்டும்.