உப்பு கரைந்தால் ஷாக் பலம்!

மழைக்காலம் வந்தால் சாலைக் கடைக்காரர்கள் ஆகாயத்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பார்கள். கிழக்கேகோட்டை, தம்பானூர் பக்கம் தண்ணீர் கட்டினால் அடுத்தது நம் தெருதான். இந்தத் தொல்லையைத் தீர்க்க 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று வடிகால் ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். ஆனாலும் 2023 அக்டோபர் மழையில் நகரின் பல பகுதிகள் மீண்டும் மூழ்கின.

கடைக்குள் தண்ணீர் புகுந்ததும் நம் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்க இறங்கிவிடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்தோமா என்ற நினைப்பே இருப்பதில்லை. அங்கேதான் ஆபத்து.

தண்ணீரில் மின்சாரம் பாயும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் துளிகூடக் கலப்பில்லாத தண்ணீரில் அது அநேகமாகப் பாய்வதே இல்லை என்றால் நம்புவீர்களா? பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்று டார்ச் செல், ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு வைத்துப் பார்க்கலாம். (வீட்டுக் கரண்டில் இந்த விளையாட்டு கூடவே கூடாது!) விளக்கு எரியாது. சர்க்கரை போட்டுக் கலக்குங்கள், அப்போதும் எரியாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் பளிச்சென்று எரியும்.

காரணம் இதுதான். உப்பு கரையும்போது சோடியம், குளோரைடு என்ற மின்னூட்டத் துகள்களாகப் பிரிகிறது. சாலையில் சுமை தூக்குபவர்கள் மூட்டையைக் கொண்டு போவது போல, அவை மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. சர்க்கரையும் கரையத்தான் செய்கிறது. ஆனால் அப்படிப் பிரிவதில்லை. சுமக்க ஆள் இல்லை. இந்த விஷயத்தை 1884-ல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதிய ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸுக்குப் பேராசிரியர்கள் குறைந்த தரமே கொடுத்தார்கள். அதே ஆராய்ச்சிக்காக 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது!

மிகச் சுத்தமான தண்ணீரைவிடக் கடல்நீர் சுமார் 10 லட்சம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. சாலையில் கட்டும் தண்ணீர் கடல்நீர் அல்லதான். ஆனால் சாக்கடை, சோப்பு, நனைந்த உப்பு மூட்டை எல்லாம் அதில் சேர்கின்றன. போதாததற்கு நம் உடம்புக்குள் இருப்பதும் உப்புத் தண்ணீரே. தோல் உலர்ந்திருக்கும்போது ஓரளவு தடுக்கும்; நனைந்தால் அந்தக் காவலும் போய்விடும்.

எனவே தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே, உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் உள்ளே இறங்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

மாடி அறைகளில் தங்கியிருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: வாளியில் ஹீட்டர் போட்டுவிட்டு, சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்காதீர்கள். முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்.