பதிராக் பள்ளமும் குடிநீரும்

பிரான்ஸின் தென்மேற்கே லோத் மாவட்டத்தில், சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தின் நடுவே வாய் பிளந்து கிடக்கிறது பதிராக் பள்ளம். அகலம் ஏறத்தாழ 35 மீட்டர், ஆழம் 75 மீட்டர். மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்து நிலத்தடியில் பெருங்கூடம் ஒன்றைக் குடைந்தது. அதன் கூரை இடிந்து விழுந்ததில் இந்த வாய் திறந்தது.

சாத்தான் காலால் மிதித்த இடம் என்று ஊர்க்கதை. 1889 ஜூலையில் எதுவார் ஆல்ஃபிரெத் மர்த்தெல் என்ற வழக்கறிஞர் துணைவர்களோடு நூலேணியில் உள்ளே இறங்கினார். அடியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மடக்குப் படகைத் துடுப்பால் செலுத்தியபடி இருளுக்குள் போனார்கள்.

இன்று படிக்கட்டு உண்டு, மின்தூக்கியும் உண்டு. பள்ளத்தின் அடியைவிடவும் கீழே, தரையிலிருந்து 103 மீட்டர் ஆழத்தில், படகோட்டி நம்மை ஆற்றின் வழியே அழைத்துச் செல்கிறார். சுமார் 60 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் சுண்ணாம்புப் படிவத்தை மின்விளக்கொளியில் அண்ணாந்து பார்க்கலாம். வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே 13 டிகிரிதான். அன்று ஊரார் சாத்தானின் இடம் என்று சொன்ன பள்ளத்துக்கு இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள்.

ஆனால் பெரிய மாற்றம் இதுவல்ல. அந்தக் காலத்தில் இப்பகுதி உழவர்களுக்கு இத்தகைய பள்ளங்கள் செத்த மாட்டை வீசும் இடங்கள். கண்ணுக்கு மறைந்தால் தொல்லை தீர்ந்தது என்று நம்பினார்கள். 1891இல் இதே மாவட்டத்தில் ஓர் ஊற்றுநீரைக் குடித்த மர்த்தெல் கடும் நோயில் விழுந்தார். அந்த ஊற்றோடு தொடர்புள்ள பள்ளத்தில் ஒரு கன்றின் உடல் அழுகிக் கிடந்தது. மணல் நீரை வடிகட்டும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் அழுக்கை அப்படியே கடத்திவிடும். இதை அவர் ஓயாமல் எடுத்துச் சொன்னார். 1902 பிப்ரவரி 15ஆம் நாளின் பொதுச் சுகாதாரச் சட்டம், பள்ளங்களில் விலங்குகளின் உடலை எறிவதைத் தடை செய்தது.

1947இல் பதிராக் ஆற்றில் கலந்த சாயம், பல கிலோமீட்டர் தள்ளி தொர்தோஞ் ஆற்றங்கரை ஊற்றுகளில் வெளிப்பட்டது. உள்ளே போவது எங்கோ ஒருவரின் குடத்துக்குப் போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செத்த மாட்டை வீசுவதை 1902ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் வயல்களில் மிகையாக இடும் உரத்தையும் பூச்சிமருந்தையும் அதே வெடிப்புகள் இன்றும் கீழே கடத்தும். ஆகவே பள்ளத்தின் விளிம்பைக் காப்பது மட்டும் போதாது. மழை விழும் மேட்டுநிலம் முழுவதையும் காக்க வேண்டும்.