ஹீமோகுரோமடோசிஸ்: ரத்தத்தின் பெயரில் ஓர் இரும்பு நோய்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஃபெரிட்டின்’ என்ற வரிக்கு எதிரே உள்ள எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. ‘இரும்புச்சத்து போதவில்லை’ என்று கேட்டே பழகிய வீட்டில், அது கூடிவிட்டது என்றால் யாருக்கும் விளங்குவதில்லை. கைபேசியில் தேடினால் ஹீமோகுரோமடோசிஸ் என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது. கூடவே கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் என்று பயமுறுத்தும் வரிகள். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் வீண் பயமும் குறையும், தவறான சிகிச்சையும் தவிரும்.

பெயர் வந்த வழி

கிரேக்க மொழியில் ‘ஹைமா’ என்றால் ரத்தம், ‘குரோமா’ என்றால் நிறம். 1865இல் பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ, தோல் வெண்கல நிறமாகி, கல்லீரல் இறுகி, சர்க்கரை நோயும் சேர்ந்திருந்த ஒருவரைப் பற்றி எழுதினார். 1889இல் ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ஃபிரீட்ரிக் ஃபான் ரெக்ளிங்ஹௌசன், இத்தகைய நோயாளிகளின் உறுப்புகளில் படிந்திருந்த பழுப்பு நிறமி ரத்தத்திலிருந்து வந்தது என்று கருதி இந்தப் பெயரை வைத்தார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் கோளாறு ரத்தத்தில் இல்லை. உடல் இரும்பைக் கையாளும் முறையில் இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர் ஜோசப் ஷெல்டன் அதுவரை பதிவான 311 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இது பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றக் கோளாறு என்று 1935இல் எழுதினார். காரணமான எச்.எஃப்.இ. மரபணு 1996இல்தான் அடையாளம் காணப்பட்டது.

சாத்தப்படாத கதவு

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கும். சாப்பாட்டிலிருந்து குடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளும். கூடுதலான இரும்பை வெளியேற்றத் தனி வழி எதுவும் உடலில் கிடையாது. ஆகவே காவல் முழுவதும் நுழைவாயிலில்தான். போதுமான இரும்பு சேர்ந்ததும் கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் கதவைச் சாத்துகிறது. இந்த நோயில் ஹெப்சிடின் போதிய அளவு சுரப்பதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. தினமும் சில மில்லிகிராம் கூடுதலாக உள்ளே வந்து, முப்பது நாற்பது வருடத்தில் 20 கிராமைக்கூடத் தாண்டிவிடும். கல்லீரல், கணையம், இதயம், மூட்டுகள் என்று போய்ப் படிகிறது. கல்லீரல் துணுக்கில் பெர்ல்ஸ் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லுக்குள் இரும்பு நீலப் பொட்டுகளாகத் தெரியும்.

யாருக்கு, எப்படி?

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய்க்கு வழி. அப்போதும் எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை. இது பெரும்பாலும் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படுவது. அயர்லாந்தில் ஏறத்தாழ 83 பேரில் ஒருவர் இரண்டு பிரதிகளையும் சுமக்கிறார். மாதவிடாயில் இரும்பு கழிந்துகொண்டிருப்பதால் பெண்களுக்கு அறிகுறிகள் தாமதமாகவே தலைகாட்டுகின்றன.

ஆரம்பத்தில் வருவது ஓயாத அசதி. அதை வேலைப்பளு, வயது என்று தள்ளிவிடுவார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளில் வலி வந்தால் கவனிக்க வேண்டும். கை குலுக்கும்போது அந்த இரண்டு முட்டிகளும் சுரீர் என்று வலிப்பதாகச் சொல்பவர்கள் உண்டு.

வடித்தெடுக்கும் சிகிச்சை

மருந்தைவிட எளிமையானது இது. ரத்ததானத்தில் எடுப்பதுபோல ஒரு தடவைக்குச் சுமார் 450 மில்லிலிட்டர் ரத்தம் எடுக்கிறார்கள். அதோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். புது ரத்தம் ஊற, உடல் தன் சேமிப்பிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்கிறது. முதலில் வாரா வாரம், அளவு இறங்கிய பிறகு வருடத்துக்குச் சில தடவை. கல்லீரல் சுருங்குவதற்கு முன்பே தொடங்கியவர்கள் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். தகுதி உள்ளவர்களிடமிருந்து இப்படி எடுத்த ரத்தத்தை அயர்லாந்தில் பிறருக்கு ஏற்றவும் செய்கிறார்கள். இரும்பு மாத்திரை, வைட்டமின் சி மாத்திரை, மது, வேகாத சிப்பி இவர்களுக்கு ஆகாது.

எல்லா இரும்பு மிகையும் இதுவல்ல

சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துவதில்தான் எனக்குக் கவலை. தலசீமியா குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றுவதாலும் உடலில் இரும்பு குவிகிறது. அதையும் ‘இரண்டாம் நிலை ஹீமோகுரோமடோசிஸ்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் ஏற்கெனவே ரத்தம் போதாத அந்தக் குழந்தையிடமிருந்து ரத்தத்தை எடுக்க முடியுமா? அங்கே இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்துதான் வழி. அதனால் அதை ‘இரும்பு மிகை’ என்று மட்டும் சொல்லி, ஹீமோகுரோமடோசிஸை மரபுவழி நோய்க்கே ஒதுக்குவதுதான் சரி.

நம் ஊர் அறிக்கைகளில் ஃபெரிட்டின் கூடுவதற்குப் பெரும்பாலும் கொழுப்புக் கல்லீரல், மது, காய்ச்சல், அழற்சி ஆகியவையே காரணம். ஐரோப்பாவில் பரவலான அந்த மரபணு மாற்றம் இந்தியாவில் மிக அரிது. ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ‘டிரான்ஸ்ஃபெரின் செறிவு’ எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது 45 சதவீதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு ஆராய வேண்டியிருக்கும். மரபுவழி நோய் என்று உறுதியானால், கூடப் பிறந்தவர்களையும் அழைத்துச் சென்று பரிசோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் அது இருக்க நாலில் ஒரு வாய்ப்பாவது உண்டு.