மேகம் மூடும் மலையும் வாடகை விமானமும்



கொடைக்கானலில் தூண் பாறையைக் காணச் சென்றவர்கள் அறிவார்கள். கண்ணெதிரே ஓங்கி நின்ற பாறைகள் சில நிமிடங்களில் மேகத்துள் மறைந்துவிடும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள அவ்வூரில் நமக்கு அது கண்கொள்ளாக் காட்சி. விமானம் ஓட்டுபவருக்கோ அதுவே பேராபத்து.

1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், பழனி மலைத் தொடருக்குத் தெற்கே சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் மாண்டனர். பகல் வேளைதான்; ஆயினும் பார்வைக்கெட்டும் தூரம் குறைந்திருந்தது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே இராணுவ ஹெலிகாப்டர் வீழ்ந்து 14 பேர் உயிரிழந்தனர். வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துள் நுழைந்ததும், விமானி திசையுணர்வு இழந்ததுமே காரணம் என விசாரணைக் குழு கூறியது.

இன்று வசதி படைத்தோர் சிறிய ஜெட் விமானங்களை டாக்ஸி போல் வாடகைக்கு அமர்த்துகின்றனர். அவசர சிகிச்சைக்காக நோயாளியை ஏற்றிச் செல்வோரும் உண்டு. கொடைக்கானலில் விமான நிலையம் இல்லாததால், வாடகை ஜெட்டில் வருவோரும் மதுரை போன்ற நகரில் இறங்கியே மலையேற வேண்டும். இவ்விமானங்களுக்கும் விதிகள் உண்டு. குறிப்பிட்ட உயரம் வரை இறங்கியும் ஓடுபாதை தென்படாவிடில், விமானத்தை மீண்டும் மேலெழுப்பிவிட வேண்டும். 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் கனமழையினூடே இறங்கிய லியர்ஜெட் 45 ரக வாடகை விமானம் ஓடுபாதையை விட்டு விலகி நொறுங்கியது. இறையருளால் உள்ளிருந்த 8 பேரும் உயிர் தப்பினர்.

பெரிய விமானத்தின் விமானிக்குப் பயணிகளின் முகம் தெரியாது. சிறிய விமானத்திலோ பணம் கொடுத்தவர் சில அடி தூரத்தில் அமர்ந்திருக்கிறார். “எப்படியாவது இறக்கிவிடுங்கள்” என்ற ஒரு சொல், விதியைத் தளர்த்தத் தூண்டிவிடக்கூடும். மூடுபனியில் மலைப்பாதை இறங்கும் வேன் ஓட்டுநரை, “ரயிலுக்கு நேரமாயிற்று” என்று நாம் விரட்டுவதும் இதே தவறன்றோ?

ஆகவே, வாடகை பேசுமுன் வினவுங்கள்: சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி உள்ளதா? விமானிகள் போதிய ஓய்வு பெற்றவர்களா? வானிலை கெட்டால் எந்த ஊரில் இறங்குவார்கள்? அவ்வாறாயின் பணத்திற்கு என்ன ஏற்பாடு? பின்னர், “வேண்டாம்” என்று விமானி சொன்னால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். பயண துஆவை ஓதுவோம். அத்துடன், தாமதத்தைப் பொறுக்கும் மனத்தையும் உடன் கொண்டு செல்வோம். ஒரு நாள் தாமதித்து வீடு திரும்புபவரை வரவேற்க வாசலில் குடும்பம் காத்திருக்கும்.

வல்ல இறைவன் நம் பயணங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.