ஒருசந்தியில் மிஞ்சிய காசு

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் கத்தோலிக்கர்கள், அதே திருப்பலியில் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தையும் கேட்கிறார்கள். நோன்பிருப்பது பிறருக்குத் தெரியாதபடி முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்கிறார் இயேசு. முதல் வாசகத்தில் யோவேல் இறைவாக்கினர், உடையை விட்டுவிட்டு இதயத்தைக் கிழித்துக்கொள்ளச் சொல்கிறார். சாம்பலும் இந்த வாசகங்களும் ஒன்றோடொன்று மோதுவதைத் திருச்சபை மறைக்கவில்லை; தவக்காலத்தின் வாசலிலேயே வைத்திருக்கிறது. அடையாளம் வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி: நாளுக்கு ஒருவேளை மட்டுமே முழுச் சாப்பாடு. ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் ‘பெனிதெமினி’ என்ற ஆணை மடலை வெளியிட்டார். ஒருசந்தி திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என இரண்டு நாளாகக் குறைந்தது. சுத்தபோசனத்துக்கு ஈடாக செபத்தையும் பிறரன்புப் பணியையும் வைக்க ஆயர் பேரவைகளுக்கு அனுமதி கிடைத்தது. இதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் அந்த மடல் மனமாற்றத்தைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டுத்தான் விதிகளுக்கு வருகிறது. எதை விடுவது, யாருக்காக விடுவது என்று இனி விசுவாசியே தன் மனச்சாட்சியைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். விதிப்படி நடப்பதைவிட இது கடினம் என்றே நினைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒரு மானிடவியலாளரிடமிருந்து வந்தது. கத்தோலிக்கரான மேரி டக்ளஸ், 1970-இல் வெளியான ‘நேச்சுரல் சிம்பல்ஸ்’ நூலில், லண்டனில் கூலிவேலை செய்த ஐரிஷ் மக்களுக்கு வெள்ளிக்கிழமை விலக்கு எவ்வளவு பெரிய பிடிமானமாக இருந்தது என்று காட்டினார். படித்த சீர்திருத்தவாதிகள் வெற்றுச் சடங்கு என்று ஒதுக்கியது, அந்த எளிய மக்களைத் தங்கள் மண்ணோடும் மக்களோடும் கட்டிவைத்திருந்தது. அவர் சொன்னதைக் காலமும் ஓரளவு மெய்ப்பித்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 1985-இல் வெள்ளிக்கிழமைத் தவமுயற்சியை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். 2011 செப்டம்பரில் இறைச்சி விலக்கையே மீண்டும் பொது வழக்கமாக்கினார்கள். எல்லாரும் சேர்ந்து செய்யும் ஒன்று இல்லாதபோது, தனியாகச் செய்வதும் பலருக்கு மறந்துபோகிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

ஆனால் டக்ளஸ் காட்டும் பயன், சமூகத்தைக் கட்டிக்காக்கும் பயன். வழிபாட்டிடம் விவிலியம் கேட்பது அதற்கு மேலானது. எசாயா 58-ஆம் அதிகாரத்தில் வருபவர்கள் நோன்பில் குறை வைக்காதவர்கள், கூட்டமாக இருப்பவர்கள். அந்த நோன்பு நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறார்கள். அவர்களை இறைவாக்கினர் விடவில்லை. அடையாளத்தை மீட்டால் போதுமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

அடையாளத்தையும் பிறரன்பையும் பிணைக்கும் வழியொன்று தொடக்கத் திருச்சபையிலேயே இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ‘எர்மாவின் ஆயன்’ என்ற நூல், நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் உண்ணச் சொல்கிறது. வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ கொடுக்கவும் சொல்கிறது. இங்கே வயிற்றின் பசி இன்னொருவரின் பசியைப் போய்த் தொடுகிறது. வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியை விட்டுவிட்டு, அதைவிட விலை கூடிய வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தால் சட்டப்படி குற்றமில்லை. மீனுக்குத் தடை கிடையாது. எர்மாவின் கணக்கில் மட்டும் அந்த வீட்டில் கொடுப்பதற்குக் காசு மிஞ்சாது.