வேப் வெறும் ஆவியா? வருங்கால வைத்தியர்களிடம் ஒரு கேள்வி

பேராதனை மருத்துவபீடத்துக்கு ஒரு பிள்ளை தெரிவானால் அக்குறணையில் ஊரே சந்தோஷப்படும். உடல்நலம் பற்றி அந்தப் பிள்ளை சொல்வதற்கு வீட்டில் தனி மதிப்பு. அதனால்தான் மருத்துவம் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், "வேப் சிகரட் மாதிரி இல்ல சேர், வெறும் ஆவிதானே" என்றபோது ஓர் ஆசிரியராக என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அது நீராவி அல்ல. பட்டரியால் சூடாகும் சிறு கம்பிச்சுருள், புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டி, பெரும்பாலும் நிக்கொட்டினும் கலந்த திரவத்தை நுண்துளிகளாக்குகிறது. அதைத்தான் நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். புகையிலை எரியாததால் தார் இல்லை. நச்சுப்பொருட்களும் சிகரட்டை விடக் குறைவு. இதை மறுக்கத் தேவையில்லை. பிரித்தானியாவில் சிகரட்டை விட முயலும் பெரியவர்களுக்கு இதை ஓர் உதவியாகப் பரிந்துரைப்பதும் உண்மை. ஆனால் என் மாணவர் சிகரட்டே பிடித்ததில்லையே! எதை விடுவதற்கு இந்த உதவி?

நிக்கொட்டின் எந்த வடிவில் போனாலும் அடிமைப்படுத்தும். மூளை வளர்ச்சி முடிய ஏறத்தாழ 25 வயதாகும். பழவாசனை வருவதால் உம்மா வாப்பாவுக்கும் சந்தேகம் வராது.

சட்டத்திலும் ஓர் ஓட்டை. 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தடை செய்தது "புகையிலை அடங்கிய" இலத்திரனியல் சிகரட்டை. திரவத்தில் இலை இல்லை, நிக்கொட்டின் மட்டுமே என்று வாதாட அது இடம் வைக்கிறது.

நாளை கண்டி தேசிய வைத்தியசாலைக்கு இருமலோடு வரும் இளைஞனிடம் "புகைப்பீங்களா?" என்று கேட்டால், "இல்லை" என்பான். வேப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். தானே பாவிக்கும் வைத்தியர் அதைக் கேட்பாரா?