விடுமுறை முடிந்த பிறகு தூரிகையை எங்கே வைப்பது?

பினாங்கில் வேலை செய்பவருக்கு நீண்ட விடுமுறை தானாக வாய்ப்பதில்லை. தீபாவளியையோ சீனப் பெருநாளையோ நோன்புப் பெருநாளையோ ஒட்டி, ஆண்டு விடுப்பிலிருந்து சில நாள்களைச் சேர்த்து அதை அமைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பணியில் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு 8 நாளும் ஐந்து ஆண்டு நிறையாதவருக்கு 12 நாளும் அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் குறைந்தபட்ச விடுப்பு. இப்படிச் சிறுகச் சேர்த்த ஓய்வில்தான் பலர் மாதக்கணக்கில் தொடாத வீணைக்குச் சுருதி சேர்க்கிறார்கள், பாதியில் நின்ற சிறுகதையை எடுக்கிறார்கள். வேலைக்குத் திரும்பிய சில நாளில் எல்லாம் மறுபடி அலமாரிக்குள் போய்விடுகிறது.

இதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூமும் சக ஆய்வாளர்களும் விடுமுறைக்கு முன்பும் இடையிலும் பின்பும் பணியாளர்களின் மனநிலையையும் களைப்பையும் பதிவு செய்தார்கள். விடுமுறையில் கூடிய நலம், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. மூன்று வாரம் போல நீண்ட விடுமுறை எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே அடுத்த மாதங்களைத் தாங்குவதற்கு விடுமுறையின் நீளம் போதாது; வேலை நாளின் மாலை எப்படிக் கழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த மாலையில் மனம் தேறுவதற்கு நான்கு வழிகள் உண்டு என்று சபீனே சோனென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் ஆகிய இருவரும் 2007இல் வகுத்தார்கள்: வேலையின் நினைப்பிலிருந்து விலகுவது, இளைப்பாறுவது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரத்தைத் தானே ஆள்வது. தொலைக்காட்சி முன் சாய்ந்திருந்தால் இளைப்பாறல் கிடைக்கும், தேர்ச்சி கிடைக்காது. தாளக்கணக்கில் மனம் இறங்கிவிட்டால் அலுவலக மின்னஞ்சலுக்கு அங்கே இடமிருக்காது. கெவின் எஷல்மனும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் படைப்புச் செயல்களில் ஈடுபடுவோருக்கு நல்ல பணித்திறனும் சேர்ந்தே காணப்பட்டது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் அமெரிக்க விமானப்படை அதிகாரிகளும் இருந்தார்கள்.

வேலையையும் கலையையும் ஒருசேர நடத்திய மரபு பினாங்குக்குப் புதிதல்ல. மலேசிய நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான அப்துல்லா அரிஃப் (1904–1962) பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆயர் ஈத்தாமில் ஒரு சாலைக்கு அவர் பெயர். கலைக்கல்விப் பணியில் இருந்த டே ஹூய் கீட் 1950களில் இங்கே தொடங்கிய குழுவின் பெயரே ‘வியாழக்கிழமைக் கலைக்குழு’. கோலாலம்பூரில் 1952இல் பீட்டர் ஹாரிஸ் தொடங்கியது ‘புதன்கிழமைக் கலைக்குழு’. கிழமையையே பெயராக வைத்ததில் நல்ல யோசனை இருக்கிறது. மனநிலை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நாள் வந்தால் போதும். மலேசியத் தமிழ்ச் சிறுகதையும் இப்படித்தான் வளர்ந்தது. தோட்டப்பள்ளி ஆசிரியர்களும் கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களும் வேலை முடிந்த இரவுகளில் எழுதினார்கள். ‘தமிழ் நேசன்’ போன்ற நாளேடுகளின் ஞாயிறு பதிப்பு அவர்களுக்கு வாரத் தவணையாக அமைந்தது.

திரும்பிய முதல் வாரத்தில் விடுமுறைக் கால அளவை எதிர்பார்க்கக் கூடாது. தேங்கிய வேலையும் பினாங்குப் பாலத்து நெரிசலும் விடுமுறையில் கிடைத்த மூன்று மணி நேரத்தைத் தராது. பொழுதுபோக்கைக் கைவிடாமல் அதன் அளவைக் குறைப்பதே வழி. பீச் ஸ்ட்ரீட் வங்கி ஒன்றில் வேலை செய்பவருக்கு, மதிய இடைவேளையில் லெபு பாசார் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், கால் மணி நேரம் நிற்க முடியும். அஞ்சலட்டை அளவுத் தாளில் முதலில் தூண்களின் நிலைக்கோடு, பிறகு மேல்மாடிச் சன்னல் பலகைகளின் வரிசை, கடைசியாகப் பூக்கடையில் தொங்கும் சரங்கள். பென்சிலோடு நிறுத்திவிடுவது நல்லது; பினாங்கின் ஈரக்காற்றில் நீர்வண்ணம் சட்டென்று உலராது, ஈரத்தாளை மடித்துக்கொண்டு மேசைக்கு ஓட முடியாது. வண்ணம் இரவுக்கு. இரவில் எங்கே தூரிகை வைக்க வேண்டும் என்பது மதியமே தெரிந்துவிடுவதால் தொடங்கும் தயக்கமும் குறைகிறது.

பாயான் லெப்பாஸில் 1972 முதல் வளர்ந்த தொழிற்பேட்டையின் ஷிஃப்ட் ஊழியர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 12 மணி நேர வேலைக்குப் பின் தூக்கம்தான் முதல் கடமை, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஓய்வு நாள் மாறிக்கொண்டே வருவதால் கிழமையைப் பிடிக்காமல், ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த முதல் காலையைப் பிடிக்கலாம். வீணை, கிட்டார் வாசிப்பவர்களுக்கு இடைவெளி நீளாமல் இருப்பது இன்னும் முக்கியம். விரல்நுனிக் காய்ப்பு மென்மையாகிவிட்டால் மறுபடி வலியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பழைய பேருந்துப் பணிமனையான ஹின் பஸ் டிப்போவில் ஞாயிறு சந்தை நடக்கிறது. கைவினைப் பொருளும் ஓவியமும் விற்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ஆர்டரும் தவணையும் வந்தவுடன், தன் நேரத்தைத் தானே ஆளும் அந்த நான்காம் வழி அடைபடும். ஓய்வு இரண்டாம் வேலையாகிவிடும். திரும்பி வந்த முதல் சில வாரங்களிலாவது விற்பனையைத் தள்ளிவைப்பதுதான் சரி.

சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தால், வாரத்துக்கான அதிகபட்ச வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அதே திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். நாட்டியப் பயிற்சிக்காக ஒரு மாலை முன்னதாகக் கிளம்ப விரும்புபவரும் இதைப் பயன்படுத்தலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.